செல்லுக்குள் மூச்சை அளக்கும் சாயங்கள்

(முதுநிலை வேதியியல், இரண்டாம் ஆண்டு)

உணவின்றி மனிதன் சில வாரங்கள் உயிர் வாழக்கூடும். நீரின்றிச் சில நாட்கள் தாக்குப்பிடிக்கக்கூடும். மூச்சின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் இயலாது. ஆக்சிஜன் என்ற தனிமத்துக்குத் தமிழில் பிராணவாயு என்றும் உயிர்வளி என்றும் பெயரிட்டவர்கள் பொருத்தமாகத்தான் பெயரிட்டிருக்கிறார்கள்.

ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 250 மில்லி லிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறார். அது எங்கே போகிறது? நுரையீரலில் புகுகிறது, குருதியிலுள்ள ஹீமோகுளோபின் மீது ஏறிக்கொள்கிறது, தமனிகள், நுண்குழாய்கள் வழியே பயணம் செய்கிறது, பின்னர் குழாயை விட்டு இறங்கித் திசுக்களுக்குள் ஊடுருவுகிறது, இறுதியில் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பை அடைந்து அங்கே நீராக மாறுகிறது. அப்போது வெளிப்படும் ஆற்றலில்தான் நாம் நடக்கிறோம், படிக்கிறோம், சிந்திக்கிறோம்.

இந்த நீண்ட பயணத்தின் முற்பகுதியை மருத்துவ உலகம் நன்கறியும். குழாயை விட்டு இறங்கியபின் நிகழ்வது நெடுங்காலம் இருட்டிலேயே இருந்தது. அந்த இருட்டில் விளக்கேற்றியவை ருத்தீனியம், பலேடியம், பிளாட்டினம், இரிடியம் ஆகிய உலோகங்களைத் தாங்கிய சில சாயங்கள். இவற்றைப் பற்றி நான் படித்தறிந்ததை, வேதியியல் பயிலாத நண்பர்களும் புரிந்துகொள்ளும் வகையில் எழுத முயல்கிறேன்.

வாசலில் அளப்பதும் வீட்டுக்குள் அளப்பதும்

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோய் பரவியபோது, விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் என்ற சிறு கருவி பலருக்கு அறிமுகமாயிற்று. 1974ஆம் ஆண்டில் ஜப்பானியப் பொறியியலாளர் டகுவோ அவோயாகி கண்டறிந்த முறையில் இயங்குவது அது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஊடே செலுத்தி, தமனிக் குருதியிலுள்ள ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்று அது சொல்லும். உயிர்காக்கும் கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது அளப்பது சுமையைத்தான். சுமை உரிய இடத்தில் இறக்கப்பட்டதா என்பதை அது அறியாது. ரேஷன் கடைக்கு எத்தனை மூட்டை அரிசி வந்தது என்று எண்ணிப் பார்ப்பதால், கடைசித் தெருவின் கடைசி வீட்டு உலையில் அரிசி விழுந்ததா என்று தெரிந்துவிடாது அல்லவா?

கடல் மட்டத்துக் காற்றில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் ஏறத்தாழ 159 மில்லிமீட்டர் பாதரசம். தமனிக் குருதியில் அது 100 அளவுக்கு இறங்குகிறது. உறுப்புகளைச் சுற்றித் திரும்பும் சிரைக் குருதியில் ஏறத்தாழ 40. செல்லுக்குள் அதனினும் குறைவு. எவ்வளவு குறைவு என்பதே கேள்வி.

நம் ஆய்வுக்கூடத்தில் குளத்து நீரின் ஆக்சிஜனை அளக்க நாம் செய்யும் விங்க்ளர் முறை நினைவிருக்கும். 1888ஆம் ஆண்டில் வந்த முறை அது. 300 மில்லி கொள்ளும் புட்டியில் நீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்ஃபேட்டும் காரங்கலந்த அயோடைடும் சேர்த்து, அமிலமிட்டு, பின் தயோசல்ஃபேட்டால் தரம் பார்க்கிறோம். குளத்துக்கு இது போதும். செல்லுக்கு?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 மைக்ரோ மீட்டர் விட்டமுள்ள உருண்டைச் செல் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 4 பிக்கோ லிட்டர். அதாவது ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் நான்கு பங்கு. அதனுள் ஆக்சிஜனின் செறிவு லிட்டருக்கு 20 மைக்ரோ மோல் என்று வைத்துக்கொண்டால், அச்செல்லில் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஏறத்தாழ ஐந்து கோடி. கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் சுறுசுறுப்பாக இயங்கும் செல்லுக்கு அந்த இருப்பு சில விநாடிகளுக்கே காணும். செல் ஆக்சிஜனைச் சேமித்து வைப்பதில்லை. வருவதை வந்த கணமே செலவழித்து வாழ்கிறது. அன்றாடங் காய்ச்சியின் வாழ்க்கை அது. ஆகையால்தான் வரவு சற்றே குறைந்தாலும் செல்லின் நடத்தை மாறிவிடுகிறது.

1954ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லேலண்டு கிளார்க் ஒரு மின்முனையை உருவாக்கினார். பிளாட்டினக் கம்பியை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடிய அமைப்பு. படலத்தைக் கடந்து வரும் ஆக்சிஜன் பிளாட்டினத்தின் மீது மின்னோட்டத்தை உண்டாக்கும். மின்னோட்டத்தை அளந்தால் ஆக்சிஜன் தெரியும். குருதியை ஆராய இது பெரும் புரட்சி செய்தது. ஆயினும் மின்முனை எவ்வளவு நுண்ணியதாயினும் ஓர் ஊசியே. அது திசுவைக் குத்திக் காயப்படுத்தும். ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை மட்டும் காட்டும். அளக்கும்போதே ஆக்சிஜனைச் செலவழிக்கவும் செய்யும். குத்தாமல், தொடாமல், ஒளியைக் கொண்டே அளக்க வழியுண்டா?

நின்றொளிர்தல்

ஒரு சாய மூலக்கூறின் மீது தகுந்த ஒளி விழும்போது அதன் எலெக்ட்ரான் ஒன்று மேல்நிலைக்குத் தாவுகிறது. தாவிய எலெக்ட்ரான் அங்கேயே தங்க முடியாது. பெரும்பாலும் சில நானோ விநாடிகளில், அதாவது விநாடியை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் சில பங்குகளில், ஒளியை உமிழ்ந்துவிட்டு இறங்கிவிடும். இதனை உடனொளிர்தல் என்கிறோம்.

சில வேளைகளில் வேறொன்று நிகழ்கிறது. மேலே தாவிய எலெக்ட்ரான் தன் தற்சுழற்சியைத் திருப்பிக்கொள்கிறது. கீழே விட்டுவந்த இணை எலெக்ட்ரானும் அதுவும் இப்போது ஒரே திசைச் சுழற்சி உடையவை. இந்நிலைக்கு மும்மை நிலை என்று பெயர். ஒரே திசைச் சுழற்சியுள்ள இரண்டு எலெக்ட்ரான்கள் ஓர் ஆர்பிட்டாலில் சேர்ந்திருக்கக் கூடாது என்ற பாலி விதியை நாம் முதலாண்டிலேயே படித்திருக்கிறோம். ஆகவே அது நேராக இறங்க முடியாமல் மேலேயே தவிக்கிறது. மைக்ரோ விநாடிகள், மில்லி விநாடிகள், சில பொருள்களில் விநாடிக் கணக்கிலும் தாமதித்து, பிறகே ஒளியை விட்டு இறங்குகிறது. இந்தத் தாமத ஒளியே நின்றொளிர்தல். 1944ஆம் ஆண்டில் கில்பர்ட் லூயிசும் அவருடைய மாணவர் மைக்கேல் காஷாவும் இதற்குக் காரணம் மும்மை நிலையே என்று எடுத்துக்காட்டினர்.

சாதாரண கரிமச் சாயங்களில் அறை வெப்பநிலையில் நின்றொளிர்தல் மிக அரிது. தவித்துக்கொண்டிருக்கும் காலத்தில் ஆற்றல் வெப்பமாகக் கரைந்து போய்விடும். இங்கேதான் உலோகம் துணைக்கு வருகிறது. அணு எண் மிகுந்த உலோக அணுவின் அருகே எலெக்ட்ரானின் தற்சுழற்சியும் அதன் சுற்றியக்கமும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. அப்போது சுழற்சி விதியின் கண்டிப்பு தளர்கிறது. மும்மை நிலைக்குப் போவதும் எளிதாகிறது. அங்கிருந்து ஒளியுடன் இறங்குவதும் இயலுகிறது. ருத்தீனியத்தின் அணு எண் 44, பலேடியத்துக்கு 46, இரிடியத்துக்கு 77, பிளாட்டினத்துக்கு 78. நமது சாயங்களின் நடுவே அமர்ந்திருப்பவை இந்தக் கனத்த அணுக்களே.

ஒளியைப் பறிக்கும் வாயு

1931ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலர் ஹான்ஸ் கௌட்ஸ்கி, சிலிக்கா களியின் மீது சாயங்களைப் படியவைத்து ஆராய்ந்தார். ஆக்சிஜன் இல்லாதபோது அவை நின்றொளிர்ந்தன. சிறிதளவு ஆக்சிஜனை உள்ளே விட்டதும் ஒளி மங்கியது. ஒளிரும் சாயத்தின் ஆற்றலை ஆக்சிஜன் பெற்றுக்கொண்டு தானே கிளர்ச்சி அடைகிறது என்று அவர் கருதினார். அக்காலத்தில் பலர் அதனை ஏற்கவில்லை. 1960களில் நடந்த ஆய்வுகள் அவர் கருத்தே சரி என்று நிறுவின.

ஆக்சிஜனுக்கு ஏன் இந்த ஆற்றல்? அதன் அமைப்பே காரணம். நாம் காணும் பெரும்பாலான மூலக்கூறுகளில் எலெக்ட்ரான்கள் எல்லாம் இணைசேர்ந்து இருக்கும். ஆக்சிஜன் மூலக்கூறிலோ இரண்டு எலெக்ட்ரான்கள் இணையின்றித் தனித்து நிற்கின்றன. திரவ ஆக்சிஜனைக் காந்தத்தின் துருவங்களுக்கிடையே ஊற்றினால் அது ஒட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். வேறு சொற்களில் சொன்னால், ஆக்சிஜன் தன் இயல்பு நிலையிலேயே மும்மை நிலையில் இருக்கிறது. மும்மை நிலையில் தவிக்கும் சாயமும் மும்மை நிலையிலேயே பிறந்த ஆக்சிஜனும் மோதிக்கொள்ளும்போது, இரண்டும் ஒருங்கே ஒற்றை நிலைக்கு மாறுவதற்கு எந்த விதியும் தடை சொல்வதில்லை. சாயம் ஒளியின்றி இறங்குகிறது. ஆக்சிஜன் கிளர்ச்சியுற்று ஏறுகிறது. ஆக்சிஜன் ஏறுவதற்கு மோல் ஒன்றுக்கு 94 கிலோ ஜூல் போதும். நமது சாயங்களின் மும்மை நிலையில் அதைக் காட்டிலும் அதிக ஆற்றல் உண்டு.

நிறமாலை ஆய்வு செய்வோர் கரைசலுக்குள் நைட்ரஜனைக் குமிழியிட்டு ஆக்சிஜனை விரட்டுவது வழக்கம். ஒளியைக் கெடுக்கும் இடையூறு என்றே அதனை அவர்கள் கருதினார்கள். அந்த இடையூறு எவ்வளவு என்று அளந்தால் ஆக்சிஜன் எவ்வளவு என்று தெரிந்துவிடுமே என்று எண்ணியவர்கள் ஒரு புதிய துறையைத் திறந்தார்கள்.

மணியோசைக் கணக்கு

ஒளி மங்குவதை வைத்து அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு செல்லில் ஒளி மங்கலாகத் தெரிந்தால், அங்கே ஆக்சிஜன் மிகுதி என்றும் சொல்லலாம். சாயம் குறைவாகப் புகுந்தது என்றும் சொல்லலாம். விளக்கின் ஒளி குறைந்தது என்றும் சொல்லலாம். எதை நம்புவது?

இதற்கு விடை காலத்தில் இருக்கிறது. கோயில் மணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓங்கி அடித்தால் ஓசை பெரிதாகக் கேட்கும். மெல்ல அடித்தால் சிறிதாகக் கேட்கும். ஆனால் ஓசை பாதியாகத் தேய எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டிலும் ஒன்றே. அது மணியின் இயல்பு. இப்போது ஒருவர் மணியின் மீது கைவைத்தால் ஓசை விரைவில் அடங்கிவிடும். இருவர் கைவைத்தால் இன்னும் விரைவில் அடங்கும். அடித்தவரின் வலிமை தெரியாவிட்டாலும், ஓசை அடங்கிய வேகத்தைக் கொண்டே எத்தனை கைகள் படிந்தன என்று கணித்துவிடலாம். சாயமே மணி, ஒளித்துடிப்பே அடி, ஆக்சிஜன் மூலக்கூறுகளே கைகள். துடிப்பு நின்றபின் ஒளி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே சாயத்தின் ஆயுள்.

1919ஆம் ஆண்டிலேயே ஓட்டோ ஸ்டெர்ன், மாக்ஸ் ஃபோல்மர் என்ற இருவர் இதற்கான விதியை வகுத்துவிட்டனர். ஆக்சிஜனே இல்லாதபோது சாயத்துக்குள்ள முழு ஆயுளை, அளந்த ஆயுளால் வகுக்க வேண்டும். ஈவிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். மீதி ஆக்சிஜனின் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு சாயத்தின் முழு ஆயுள் 60 மைக்ரோ விநாடி என்போம். உடல் வெப்பநிலையில் காற்றால் நிறைவுற்ற நீரில் ஆக்சிஜனின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 200 மைக்ரோ மோல். அதில் சாயத்தின் ஆயுள் 20 மைக்ரோ விநாடியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 60ஐ 20ஆல் வகுத்தால் 3. ஒன்றைக் கழித்தால் 2. ஆக 200 மைக்ரோ மோலுக்கு 2. இப்போது ஒரு செல்லுக்குள் ஆயுளை அளந்து 40 மைக்ரோ விநாடி என்று கண்டால்? 60ஐ 40ஆல் வகுக்க ஒன்றரை. ஒன்றைக் கழிக்க அரை. ஆகவே அங்கே ஆக்சிஜன் 50 மைக்ரோ மோல். பள்ளிப் பிள்ளைகளுக்கும் எட்டும் கணக்கு. சாயம் எவ்வளவு புகுந்தது, விளக்கு எவ்வளவு பிரகாசம் என்ற கேள்விகள் இதில் எழுவதே இல்லை.

நின்றொளிர்தலின் தாமதத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. செல்லுக்குள் இயல்பாகவே உள்ள சில பொருள்களும் ஒளிபட்டால் மின்னும். ஆனால் அவை நானோ விநாடிகளில் அணைந்துவிடும். ஒளித்துடிப்பு முடிந்து ஓரிரு மைக்ரோ விநாடி காத்திருந்து, அதன்பின் பார்க்கத் தொடங்கினால், மற்ற ஆரவாரம் எல்லாம் அடங்கி நமது சாயம் மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.

மூன்று குடும்பங்கள்

இச்சாயங்களை மூன்று குடும்பங்களாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, ருத்தீனியக் குடும்பம். பைபிரிடின் அல்லது பினாந்த்ரோலின் வகை மூலக்கூறுகள் மூன்று, ருத்தீனியம் அயனியைச் சூழ்ந்து பற்றிய எண்முக அணைவுச் சேர்மங்கள் இவை. நீல ஒளியை உறிஞ்சிச் செம்மஞ்சள் முதல் சிவப்பு வரையிலான ஒளியைத் தருகின்றன. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டெமாஸ் என்பவரின் குழுவினர் இத்தகைய சேர்மத்தைப் பாலிமர்ப் படலத்தில் பதித்து ஆக்சிஜனை அளக்கும் முறையை 1987இல் வெளியிட்டனர். இவற்றின் ஆயுள் சில மைக்ரோ விநாடிகளுக்குள் அடங்குவதால், ஆக்சிஜன் மிகுந்த இடங்களுக்கே இவை பொருந்தும்.

இரண்டாவது, பார்ஃபிரின் குடும்பம். இதனைப் படித்தபோது எனக்கு மிகுந்த வியப்பு ஏற்பட்டது. நான்கு பைரோல் வளையங்கள் கோத்த அந்தப் பெருவளையத்தின் நடுவே இரும்பை வைத்தால் குருதியின் சிவப்பு. அதே வகை வளையத்தில் மக்னீசியத்தை வைத்தால் இலையின் பச்சை. ஒன்று ஆக்சிஜனைச் சுமக்கிறது. மற்றொன்று ஆக்சிஜன் பிறக்கத் துணை செய்கிறது. இரும்புள்ள வளையம் நின்றொளிர்வதில்லை. இரும்பு இருந்த இடத்தில் பிளாட்டினத்தையோ பலேடியத்தையோ வைத்தால் அது ஆக்சிஜனை அளக்கும் விளக்காகிறது! பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜேன் வாண்டர்கூய், டேவிட் வில்சன் ஆகியோர் 1987ஆம் ஆண்டில், நின்றொளிர்தல் தணிவதைக் கொண்டு உயிரியல் கரைசல்களில் ஆக்சிஜனை அளக்கும் முறையை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே ஓர் உறுப்பில் ஆக்சிஜன் பரவியிருக்கும் விதத்தைப் படமாகவே காட்டினர். பிளாட்டினச் சாயங்களின் ஆயுள் பத்துக்கணக்கான மைக்ரோ விநாடிகள், பலேடியத்துக்கு நூற்றுக்கணக்கில். ஆயுள் நீண்டால் ஆக்சிஜனைச் சந்திக்கும் வாய்ப்பும் கூடும். எனவே ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்துக்குப் பலேடியம், சற்று மிகுந்த இடத்துக்குப் பிளாட்டினம். பொன் நிறுக்க ஒரு தராசு, நெல் நிறுக்க ஒரு தராசு என்பதைப் போல.

மூன்றாவது, இரிடியக் குடும்பம். ஜப்பானில் குன்மா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொபிடா முதலியோர் 2010ஆம் ஆண்டில், சிவப்பாக ஒளிரும் ஓர் இரிடியம் சேர்மத்தைச் சுண்டெலிகளில் செலுத்தி, ஆக்சிஜன் குன்றிய புற்றுக்கட்டிகள் ஒளிர்வதை உடலுக்கு வெளியிலிருந்தே கண்டனர். கைப்பேசிகளின் ஓ.எல்.இ.டி. திரைகளில் ஒளி தருவனவற்றுள் சிலவும் இதே குடும்பத்துச் சேர்மங்களே. திரையில் இவற்றை ஆக்சிஜன் தீண்டாமல் காற்றுப் புகாதபடி மூடிவைக்கிறார்கள். செல்லில், ஆக்சிஜன் வந்து தீண்டட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

செல்லுக்குள் நுழைவது எப்படி?

சாயத்தை ஆக்கிவிட்டால் போதுமா? அது செல்லுக்குள் போக வேண்டும். போன இடத்தில் தீங்கு செய்யாதிருக்க வேண்டும். உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்றும் எளிதல்ல.

செல்லைச் சூழ்ந்த சவ்வு கொழுப்பால் ஆனது. கொழுப்பில் கரையும் இரிடியம் சேர்மங்கள் தாமே ஊடுருவுகின்றன. மற்றவற்றை உள்ளே கொண்டுசெல்ல வழிகள் பல. நேர்மின்னூட்டமும் கொழுப்பை நாடும் இயல்பும் ஒருங்கே உடைய சாயங்கள் மைட்டோகாண்டிரியாவை நோக்கி ஈர்க்கப்படுகின்றன. ஏனெனில் அதன் உட்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டது. அயர்லாந்தின் கார்க் நகரத்தில் டிமிட்ரி பாப்கோவ்ஸ்கியின் குழுவினர், பிளாட்டினம் பார்ஃபிரினை மிக நுண்ணிய பாலிமர்த் துகள்களில் பொதிந்து, செல்கள் அவற்றைத் தாமே விழுங்கும்படி செய்தனர். பொதிவதில் வேறொரு பயனும் உண்டு. சாயம் நேரடியாகப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டால் ஆக்சிஜன் அதனை நெருங்கும் வேகம் மாறிப்போய்க் கணக்குத் தவறும். பொதிவுக்குள் இருந்தால் ஆக்சிஜன் மட்டும் உள்ளே வந்துபோகும், புரதம் நெருங்காது.

அளவு சரிதானா என்று சோதிக்கவும் ஓர் அழகிய உபாயம் வைத்திருக்கிறார்கள். அன்டிமைசின் என்ற பொருளைச் செலுத்தினால் மைட்டோகாண்டிரியாவின் சுவாசம் நின்றுவிடும். செலவு நின்றால் செல்லுக்கு உள்ளும் வெளியும் ஆக்சிஜன் சமமாகிவிடும். வெளியே நமக்குத் தெரிந்த அளவுகளில் ஆக்சிஜனை வைத்து, உள்ளே சாயத்தின் ஆயுளைக் குறித்துக்கொண்டால் அளவுகோல் தயார். வெப்பநிலையும் ஆயுளை மாற்றும். எனவே அதனையும் நிலையாக வைத்தாக வேண்டும்.

கண்டது என்ன?

இத்தனை பாடுபட்டு அளந்து என்ன கண்டார்கள் என்று நண்பர்கள் கேட்கலாம். மூன்றைச் சொல்கிறேன்.

குருதிச் செல்கள் எல்லாம் எலும்பு மஜ்ஜையிலுள்ள தாய்ச் செல்களிலிருந்து பிறக்கின்றன. அத்தாய்ச் செல்கள் எலும்பின் உட்சுவரை ஒட்டி, ஆக்சிஜன் மிகக் குறைந்த மூலையில் வாழ்கின்றன என்ற கருத்து இருந்துவந்தது. 2014ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த சார்லஸ் லின் குழுவினர், பிளாட்டினம் பார்ஃபிரின் சாயத்தைப் பயன்படுத்தி, உயிருள்ள சுண்டெலியின் மண்டையோட்டு மஜ்ஜையில் நேராகவே அளந்தனர். மஜ்ஜையில் குருதிக் குழாய்கள் அடர்ந்திருந்தும் குழாய்களுக்கு வெளியே ஆக்சிஜன் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் குறைவாகவே இருந்தது. ஆனால் மிகக் குறைந்த அளவான ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் காணப்பட்டது, எலும்புச் சுவரை ஒட்டி அல்ல. உள்ளே ஆழத்தில், சைனசாய்டு என்னும் அகன்ற நுண்குழாய்களை ஒட்டி. ஊகம் ஒன்று, அளவை வேறொன்று.

இரண்டாவது, புற்றுநோய். 1950களில் பிரிட்டனில் கிரே முதலியோர், ஆக்சிஜன் இல்லாத செல்களைக் கதிர்வீச்சால் கொல்வதற்கு ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் தேவைப்படும் என்று காட்டினர். குருதிக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரின் ஐந்தில் ஒரு பங்கு தொலைவுக்குள்ளேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. வேகமாகப் பெருகும் கட்டிக்குள் அத்தகைய வறண்ட இடங்கள் பல. அங்கே பதுங்கும் செல்கள் கதிருக்குத் தப்பி மீண்டும் தலையெடுக்கக்கூடும். அந்த இடங்கள் எங்கே என்று தெரிவது ஒரு நோயாளியின் உயிரைப் பற்றிய கேள்வி.

மூன்றாவது, ஆய்வுக்கூடத்தைப் பற்றியது. செல்களைத் தட்டில் வளர்ப்போர், சுற்றிலும் காற்றின் ஆக்சிஜன் இருக்கிறதே என்று நிறைவு கொள்வதுண்டு. உண்மையில் தட்டிலுள்ள நீர்ம ஊடகத்தின் வழியே ஆக்சிஜன் மெதுவாகவே ஊர்ந்து இறங்குகிறது. செல்கள் நெருக்கமாக இருந்தால் அடியில் பஞ்சம். கலைந்து இருந்தால் உடலில் ஒருபோதும் காணாத செழிப்பு. ஆக்சிஜன் குறைவதைச் செல்கள் உணர்ந்து தம் மரபணுக்களின் இயக்கத்தையே மாற்றிக்கொள்கின்றன என்ற கண்டுபிடிப்புக்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்படியானால் தட்டில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்காமல் செய்த சோதனை, செல்லின் இயல்பைச் சொல்கிறதா, தட்டின் இயல்பைச் சொல்கிறதா? மருந்துகள் முதலில் சோதிக்கப்படுவதும் இத்தகைய தட்டுகளில்தான் என்பதை நினைத்தால், இக்கேள்வியின் கனம் விளங்கும்.

விளக்கு சுடவும் செய்யும்

இத்தனை புகழ்ந்தபின் ஒரு குறையையும் சொல்லாவிட்டால் கட்டுரை நேர்மையாகாது. சாயத்தின் ஆற்றலைப் பெற்றுக்கொண்ட ஆக்சிஜன் என்ன ஆகிறது? அது ஒற்றை நிலை ஆக்சிஜனாகிறது. இயல்பு ஆக்சிஜனைப் போல அது சாதுவன்று; அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்கி ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். ஒளியையும் பார்ஃபிரின் வகைச் சாயங்களையும் கொண்டு புற்றுச் செல்களைக் கொல்லும் சிகிச்சை முறை இதே வினையைத்தான் ஆயுதமாகக் கொண்டிருக்கிறது. ஆக, அளக்க வந்த சாயமே செல்லைக் கொல்லவும் கூடும். கொல்லாவிட்டாலும் அளக்க வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஐந்து கோடி மூலக்கூறுகளே உள்ள இடத்தில் இது சிறிய இழப்பன்று.

ஆகையால் கைதேர்ந்த ஆய்வாளர்கள் சாயத்தைக் குறைவாகச் சேர்க்கிறார்கள். ஒளியை மெல்லியதாக, இடைவெளி விட்டுத் துடிப்பாகத் தருகிறார்கள். ஒளியூட்டாத செல்களையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடுகிறார்கள். கிடைத்த எண்ணோடு அதைப் பெறும்போது செல்லுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். விங்க்ளர் புட்டியானாலும் இரிடியச் சாயமானாலும், எந்த அளவையும் அளக்கப்படும் பொருளைத் தொடாமல் நிகழ்வதில்லை. தொட்டது எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்வதே அளப்பவரின் கடமை என்று நான் கருதுகிறேன்.

அன்பு நண்பர்களே, இக்கட்டுரையில் வந்த கருத்துகளை எண்ணிப் பாருங்கள். பாலி விதி, ஆக்சிஜனின் காந்தத் தன்மை, எண்முக அணைவுச் சேர்மங்கள், பார்ஃபிரின் வளையம், வினை வேகம் ஆகிய அனைத்தும் நம் பாடத்திட்டத்தில் உள்ளவையே. தேர்வுக்கென்று தனித்தனி ஏடுகளில் நாம் எழுதிவைத்திருக்கும் இவற்றை ஒன்றுசேர்த்தபோதுதான், ஒரு செல் மூச்சுத் திணறுகிறதா என்று கேட்டறியும் கருவி பிறந்தது. இயற்பியல் துறையில் ஒளியையும், விலங்கியல் துறையில் செல்லையும், கணிதத் துறையில் தேய்மானச் சமன்பாட்டையும் படித்துக்கொண்டிருக்கும் தோழர்கள் நம்மிடமிருந்து ஒரு வராந்தா தூரத்தில்தான் இருக்கிறார்கள். அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் கரைசலிலிருந்து ஆக்சிஜனை விரட்ட நைட்ரஜனைத் திறக்கும்போது, விரட்டப்படுவது எவ்வளவு என்றும் ஒருமுறை அளந்து பார்ப்போம்.